ஓதம் ஏறும்போது வயலுக்கு வரும் பறவைகள்

குளிர்காலத்தில் கடலோரப் பறவைகளைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் விடியும் நேரத்தைவிட ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறும் நேரத்தையே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் இருப்பதால், நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். சென்ற சனவரியில் நான் போன நாளில் நண்பகலில்தான் நீர் உச்சத்தைத் தொட்டது. ஆகவே காலையில் சேற்றுவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்க, பறவைகள் அதன் விளிம்பில் வெறும் புள்ளிகளாகத் தெரிந்தன.

நீர் ஏற ஏற அவை கரையை நோக்கி நகர்ந்தன. சாம்பல் உப்புக்கொத்தி ஒன்று நான்கைந்து அடி ஓடும், சட்டென நிற்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், பிறகு கொத்தும். பெரிய கண்களை நம்பி இரை தேடும் பறவை அது. அதன் அருகிலேயே பட்டைவால் மூக்கன் தன் நீண்ட அலகை அடிவரை சேற்றுக்குள் செலுத்தித் துழாவிக்கொண்டிருந்தது. நரம்புகள் செறிந்த அலகு நுனியால் புழுவை உணர்ந்து, நுனியை மட்டும் திறந்து பற்ற அதனால் முடியும். செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட இவ்வினத்தின் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று, 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாள்களில் கடந்தது. அதை நினைத்துக்கொண்டு அந்தச் சேற்றைப் பார்த்தபோது, அதில் கிடைக்கும் ஒவ்வொரு புழுவும் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

நண்பகலில் சேறு முழுவதும் மூழ்கியது. பலரும் வீடு திரும்பும் நேரம் இதுதான். எனக்கோ நாளின் சிறந்த பகுதி இங்குதான் தொடங்கியது. கரையணைக்குப் பின்னாலிருந்த ஈர வயல்களில் கோட்டான்கள் (ஆந்தையல்ல, நீண்டு வளைந்த அலகுடைய கரைப்பறவை) இறங்கியிருந்தன. பொன்னிற உப்புக்கொத்திகள் உழுத மண்ணின் நிறத்தில் கரைந்து நின்றன. ஒரு கோட்டான் மண்புழுவை அறுந்துவிடாமல் மெல்ல மெல்ல இழுத்து, அலகை உயர்த்தி விழுங்கியதைத் தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்தேன். அலகு மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்ததால் அது ஆணாக இருக்கலாம். பெண்ணுக்கு அலகு நீளம். சேற்றின் ஆழத்திலிருக்கும் இரை அதற்கு எட்டும். ஆண் கோட்டான்கள் வயலை அதிகம் நாடுவதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்ததும் வயலே எழுந்ததுபோல் எல்லாம் கிளம்பின. சாம்பல் உப்புக்கொத்திகளின் அக்குளில் இருக்கும் கரும்புள்ளி அப்போது தெளிவாகத் தெரிந்தது. பருந்து எழுப்புவது இயற்கை. படம் எடுக்க நாம் வரப்பில் நெருங்கி நடந்து எழுப்புவதோ அவை சேர்த்த கொழுப்பை வீணாக்குவது. வண்டியை விட்டு இறங்காமல் பார்த்தாலே போதும்.

சேற்றுவெளியைக் காத்துவிட்டு, அதை ஒட்டிய வயல்களை மனைகளாக்கினால் நீர் ஏறும் வேளைகளில் இவை எங்கே நிற்கும்? 2024இல் சாம்பல் உப்புக்கொத்தி அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. கடலோரம் செல்லும் நண்பர்கள் வயலில் கண்ட எண்ணிக்கையையும் ஓதத்தின் நேரத்தோடு தனியாகக் குறித்து இ-பேர்டு (eBird) என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவிடுங்கள். அந்த வயல்களும் பறவைகளின் இடம் என்று காட்ட அந்தப் பதிவுகள் தேவைப்படும்.