பரண்ல கிடந்த கட்டுகள்

எங்க வீட்டு பரண்ல பழுப்பு பேப்பர் சுத்தின கட்டுகள் இன்னும் கிடக்கு, எல்லாம் அப்பாவோட சிறுகதைத் தொகுப்பு. 1994ல கையில இருந்த சேமிப்பைப் போட்டு 1000 காப்பி அடிச்சாரு, அதுக்குக் கம்மியா அடிச்சா கட்டாதுன்னு அச்சகத்துல சொல்லிட்டாங்க, ஆஃப்செட்ல பிளேட் போட்டு மெஷின் ஏத்துற செலவு 100க்கும் ஒண்ணுதான் 1000க்கும் ஒண்ணுதான். அரசு நூலகங்களுக்கு வாங்கற லைப்ரரி ஆர்டர் கிடைச்சிடும்னு நம்பி இருந்தாரு, கிடைக்கல. அதுக்கப்புறம் அவர் எழுதவே இல்ல, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

இந்த வருஷம் அதே புத்தகத்தை பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல, அதாவது வேணுங்கற அளவுக்கு மட்டும் அடிச்சுக்கற முறையில போட்டோம். வாட்ஸ்அப்ல சொந்தக்காரங்க, அப்பாவோட ஆபீஸ் நண்பர்கள்னு யாருக்கெல்லாம் வேணும்னு கேட்டு பேர் எழுதி வாங்கினோம், 42 பேர் வந்தாங்க, 42 காப்பிதான் அடிச்சோம். ஒரு காப்பிக்கு ஆகுற செலவு ஆஃப்செட்டை விட ஜாஸ்திதான், ஆனா பரணுக்கு ஒண்ணும் போகலயே. யோசிச்சா இது புதுசும் இல்ல, உ.வே.சா. 1887ல சீவக சிந்தாமணியை பதிப்பிச்சப்போ முன்னாடியே ஊர் ஊரா கையொப்பம், அதாவது புத்தகம் வாங்கிக்கறோம்னு முன்பதிவு வாங்கித்தான் செலவை சமாளிச்சாரு.

அமேசானோட ஈபுக் கடையான கிண்டில்லயும் போட்டாச்சு. 2016 டிசம்பர்லேர்ந்து அதுல தமிழ் புத்தகம் வருது. பதிப்பகத்துல ராயல்டி பொதுவா 10 சதவீதம்னா இங்க 35, அவங்க சொல்ற விலைக்குள்ள வச்சு செலக்ட் திட்டத்துல சேர்ந்தா 70, ஆனா அப்படி சேர்ந்தா அந்த ஈபுக்கை வேற எங்கயும் போடக்கூடாது, அதை யோசிச்சுட்டு சேருங்க.

உண்மையான வேலை எங்க இருந்துச்சுன்னா மெய்ப்புலதான், அதாவது அச்சுக்கு முன்னாடி எழுத்துப் பிழை பார்த்துத் திருத்தறதுல. பழைய காப்பியை ஸ்கேன் பண்ணி, படத்துல இருக்கற எழுத்தைப் படிச்சு டைப் பண்ணித் தர்ற ஓசிஆர்ல போட்டோம், கதை முழுக்க "ஏரிக்கரை" எல்லாம் "எரிக்கரை" ஆயிடுச்சு, துணைக்காலை ர-ன்னு படிச்சிருக்கு, மங்கின பக்கத்துல புள்ளியே காணோம். மூணு ஞாயித்துக்கிழமை அம்மா பழைய புத்தகத்தை வச்சுக்கிட்டு வாய்விட்டுப் படிக்க நான் ஸ்கிரீன்ல ஒவ்வொரு வார்த்தையா திருத்தினேன். இதை யார் செய்வாங்கன்னுதான் இப்ப எனக்குக் கவலை. சொந்தமா போடுறவங்க நிறைய பேர் அட்டைக்கு செலவு பண்றாங்க, மெய்ப்புக்கும் எடிட்டிங்குக்கும் ஒரு ரூபாய் எடுக்கறதில்ல, ரெண்டாவது பக்கத்துலயே ஒற்றுப் பிழையைப் பார்த்துட்டு வாசகர் மூடி வச்சிடுறாரு. பதிப்பகம் எல்லாம் அழிஞ்சிடும்னு பேசுறாங்க, நான் அப்படி நினைக்கல, நல்ல எடிட்டர் வச்சிருக்கற பதிப்பகத்துக்கு இனிமேதான் மதிப்பு கூடும். அச்சுல மிச்சமாகுற காசு தயவுசெஞ்சு மெய்ப்பு பார்க்கறவங்க கைக்குப் போகட்டும்.

பார்சல் வந்தன்னிக்கு அப்பா அட்டையை ரொம்ப நேரம் தடவிப் பார்த்துட்டு நேரா ஏரிக்கரை கதைக்குப் போனாரு. 61ஆம் பக்கத்துல ஒரு "எரி" தப்பிச்சிருந்துச்சு, பென்சில் எடுத்து சுழிச்சுட்டு என்கிட்ட நீட்டினாரு. அன்னிக்கு ராத்திரியே ஃபைலை மாத்திட்டேன், 43வது காப்பில அது ஏரிதான்.