நெட் இதழியல்: சட்டப் பகுதியில் கோட்டைவிட்டதும் மீட்டதும்

நேற்று மாலை நெட் (கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வு) முடிவு வந்தது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது, ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) இல்லை. மூன்றாவது முயற்சி என்பதால் அதற்காக அழத் தெம்பில்லை. கோட்பாடு, ஆய்வுமுறை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஊடகச் சட்டத்தை மட்டும் சொல்கிறேன். சென்ற முறை என்னைக் கவிழ்த்தது அதுதான்.

கொடுமை என்னவென்றால், அந்தப் பகுதி எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன். கல்லூரி முடித்ததும் இரண்டு ஆண்டுகள் ஒரு சிறு மாத இதழில் மெய்ப்புத் திருத்தினேன். டிக்ளரேஷன் (இதழ் வெளியிடுவதற்கான உறுதிமொழி) தாள்களைச் சுமந்துகொண்டு ஆசிரியரோடு கலெக்டர் அலுவலக வராந்தாவில் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் பத்திரிகைப் பதிவு என்றாலே என் விரல் தானாக மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டை, அதாவது கலெக்டரை, விடையாகத் தேடிப் போனது. நான் படித்த கைடும் பழையது, பாதி விலைக்கு வாங்கியது. அதில் 1867-ஆம் ஆண்டின் பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டம் உயிரோடு இருந்தது. வெளியே அது 2024 மார்ச் 1 அன்றே போய்விட்டது.

இப்போது இருப்பது 2023-ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம். ஆர்என்ஐ (இந்தியச் செய்தித்தாள் பதிவாளர்) என்று 1956 முதல் அழைத்துவந்த பதிவாளர், இனி பத்திரிகைத் தலைமைப் பதிவாளர். விண்ணப்பம் இணையவழி. மாவட்ட அதிகாரி கருத்துச் சொல்ல 60 நாள். அவர் வாய் திறக்காவிட்டாலும் பதிவாளர் முடிவெடுக்கலாம். புத்தகங்கள் இந்தச் சட்டத்தில் இல்லை. சட்டத்தின் பெயரிலேயே விடை இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

ஆனால் மாஜிஸ்ட்ரேட்டை ஒரேயடியாக மறந்துவிடாதீர்கள். 1995-ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தில் அவர் ‘அதிகாரம் பெற்ற அலுவலர்’. நிகழ்ச்சி விதிகளை மீறும் ஒளிபரப்பை 19-ஆம் பிரிவின்படி அவர் தடுக்கலாம். கூற்று, காரணம் வகைக் கேள்விகளில் இப்படிப்பட்ட இடத்தில்தான் கால் வழுக்கும்.

இதனால் ஆண்டுகளை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஊடகத்துக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்? பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டினேன்:

- நாளிதழ், வார இதழ்: தலைமைப் பதிவாளர். மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவர், பிரஸ் கவுன்சில் தலைவரே.
- செய்தித்தாள் மீது புகார்: பிரஸ் கவுன்சில். எச்சரிக்கலாம், கடிந்துகொள்ளலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. தொலைக்காட்சி அதன் எல்லைக்குள் வராது.
- சேனல், டிடிஎச், சமுதாய வானொலி: தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்.
- சேனல் கட்டணம்: டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்). தகராறு: டிடிசாட் (அதற்கான தீர்ப்பாயம்).
- தனியார் எஃப்எம்: சொந்தச் செய்தி கிடையாது, ஆகாஷ்வாணி செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம்.
- தொலைக்காட்சி விளம்பரம்: மணிக்கு 12 நிமிடம், அதில் 2 சேனலின் சொந்த விளம்பரத்துக்கு.

காலவரிசைக் கேள்விகளிலிருந்து மட்டும் தப்ப முடியாது. பிரஸ் கவுன்சிலுக்கு இரண்டு பிறப்பு என்பதை நினைவில் வையுங்கள்: 1966-இல் ஒன்று, நெருக்கடி நிலையில் கலைக்கப்பட்டு 1978 சட்டத்தால் இன்னொன்று. தூர்தர்ஷனையும் ஆகாஷ்வாணியையும் நடத்தும் பிரசார் பாரதிக்கான சட்டம் 1990, அமைப்பு நடைமுறைக்கு வந்தது 1997. இடையில் 1995-இல், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த மூன்றையும் கதையாகச் சொல்லிப் பார்த்தால் வரிசை மாறாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான அண்ணா எஃப்எம் தொடங்கியது 2004. சென்னைக்காரனான நானே இதைத் தவறவிட்டிருக்கிறேன், வெட்கம்.

குழுவாகப் படிக்காதீர்கள் என்பேன். எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பதால் சட்டப் பெயர்களை ஆங்கிலத்திலும் ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

எல்லாப் பாடத்தினருக்கும் பொதுவான முதல் தாளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். தருக்கக் கேள்விகளில் பாதியை ஊகித்துத்தான் ஓட்டினேன். நெகட்டிவ் மதிப்பெண் இல்லாததால் பிழைத்தேன்.