பட்டாலையில் ஓர் ஆங்கில வகுப்பு

வெளிநாட்டுக்குக் கிளம்பும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது குளிரைப் பற்றியோ வாடகையைப் பற்றியோ இல்லை. "போன் வந்தால் என்ன செய்வது?" என்றுதான் கேட்கிறார்கள். நேரில் என்றால் சிரித்து, கையைக் காட்டி, தாளை நீட்டிச் சமாளித்துவிடலாம். போனில் குரல் மட்டும்தான். மெல்பர்னுக்குப் போன புதிதில் எனக்கும் இதே பயம் இருந்தது. மணி அடித்தால், அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன். அதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தவர், சம்பளம் எதுவும் வாங்காமல் வாரம் ஒருநாள் வீடு தேடி வந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஓர் அம்மா. அவரிடம் கற்றதைத்தான் இப்போது காரைக்குடியில், ஆத்தா (எங்கள் பக்கம் அம்மாவை இப்படித்தான் சொல்வோம்) வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலம் தெரியாமல் நான் விமானம் ஏறவில்லை. காரைக்குடியில் பி.காம். படித்தவள். ஆங்கிலப் பாடப் புத்தகம் படித்தால் புரியும், பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த மொழியில் இன்னொரு மனுஷியிடம் ஒரு காரியம் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் அதுவரை வந்ததே இல்லை. கல்யாணமாகி மெல்பர்னின் புறநகரான டாண்டினாங் பக்கம் குடிபோனதும் அந்த அவசியம் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. கணவர் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். டாக்டர் வீட்டு வரவேற்பறையில் என் பெயருக்குப் பதிலாக அப்பச்சி, அதாவது அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பச்சி பெயர்தானே இருக்கிறது! ஆண்பிள்ளை யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் உட்கார்ந்திருப்பேன். பஸ் டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர் எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். பதில் சொல்வதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் வயதுவந்த குடியேறிகளுக்கு அரசாங்கமே இலவசமாக ஆங்கிலம் கற்றுத்தருகிறது. உலகப்போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கிய காலத்தில், 1948இல் ஆரம்பித்த திட்டம். ஏ.எம்.இ.பி. (அடல்ட் மைக்ரன்ட் இங்கிலீஷ் புரோகிராம்) என்பார்கள். நான் போன காலத்தில் ஒருவருக்கு 510 மணி நேரம் என்று வரம்பு இருந்தது. 2021 ஏப்ரலில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது போகிறவர்கள் தேவையான அளவு தேறும்வரை படிக்கலாம். பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகள் இருந்தால், வகுப்பு நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. நிரந்தர விசாவில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். நம் ஆட்கள் பலர், டிகிரி இருக்கிறதே என்ற கூச்சத்தில் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். டிகிரி வேறு, பேச்சு வேறு.

எனக்கு அப்போது கைக்குழந்தை. வகுப்புக்குப் போய்வர முடியாத என்னைப் போன்றவர்களுக்காகத் தன்னார்வ ட்யூட்டர்கள் இருக்கிறார்கள். பயிற்சி எடுத்துக்கொண்டு, வீட்டுக்கே வந்து ஒருவருக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுப்பவர்கள். எனக்கு வந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ்.

அவர் புத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை. வந்தவர் நேராக ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தார். அதில் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்த தாள்கள்: குழந்தைநல நர்ஸ் எழுதிக்கொடுத்த அடுத்த தேதி, எந்த வாரம் எந்தக் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது என்ற கவுன்சில் காலண்டர், கேஸ் பில். அவையே பாடமாயின. தேதியை மாற்றிக்கேட்க அவர் நர்ஸாக நடிப்பார், நான் போன் செய்வேன். அடுத்த அறைக்குப் போய் நின்றுகொண்டு பேசுவார், முகம் தெரியக்கூடாது என்பதற்காக. பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, உண்மையான எண்ணுக்கே போட்டுப் பேசினேன். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால், ஆங்கிலம் சுலபமாக வந்தவர்களுக்கு விளங்குமோ என்னவோ.

தமிழ் பேசுகிறவர்களின் நாக்கும் காதும் எங்கே தடுமாறும் என்று அவர் கேட்டுக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார். நாம் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டையும் ஒரே அழுத்தத்தில் சொல்வோம். பதினைந்துக்குப் பின்பகுதியில் அழுத்தம், ஐம்பதுக்கு முன்பகுதியில். மருந்துக்கடையில் இது சின்ன விஷயம் இல்லை. 'ப'வையும் 'ஃப'வையும் கலந்துவிடுவோம். சொல் மெய்யில் முடிந்தால் ஓர் உகரம் ஒட்டி 'பஸ்ஸு' என்போம். அப்புறம் ஆஸ்திரேலியர்கள் 'ஏ' என்ற எழுத்தைச் சொன்னால் நம் காதில் 'ஐ' என்று விழும். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போதும் கேட்டு எழுதும்போதும் அதனால் குழப்பம் வரும். நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் குறுக்கே திருத்தவே மாட்டார். தாளில் குறித்துக்கொள்வார், பேசி முடித்த பிறகு ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சொல்வார். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பார். அவசரப்படுத்தாமல் ஒருத்தர் நமக்காகக் காத்திருப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்போது தெரிந்தது.

சில வருஷம் கழித்து நானே பயிற்சிக்குப் போனேன். போலீஸ் சரிபார்ப்பு முடித்து, வகுப்புகளில் உட்கார்ந்து, நானும் ட்யூட்டர் ஆனேன். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: வயதுவந்தவரைக் குழந்தையாக நடத்தாதீர்கள், அவருக்கு ஏற்கெனவே தெரிந்த உலகத்திலிருந்து தொடங்குங்கள். அது எனக்குப் புதிதாக இல்லை. நாங்கள் ராயவரத்துக்காரர்கள். செட்டிநாட்டு ஊர்தான், மாவட்டம் மட்டும் புதுக்கோட்டை. 1991இல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதை நாடே பேசியது. எங்கள் தெருவில் சாயங்காலம் விளக்கடியில் பாய் விரித்து, பிளஸ் டூ முடித்த ஓர் அக்கா பாடம் நடத்துவார். அவருக்கும் சம்பளம் கிடையாது. படிக்க வந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய ஆத்தா வயது. அவர்களிடம் அவர் அணில், ஆடு என்று ஆரம்பிக்கவில்லை. கூலி, ரேஷன், பஸ் போர்டு என்று அவர்கள் அன்றாடம் புழங்குவதிலிருந்துதான் ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்குப் பூக் கொண்டுவரும் அக்கா, புதுக்கோட்டை பஸ்ஸின் போர்டை முதல் தடவை தானே படித்துவிட்டு ஏறியதை வீடு வீடாக வந்து சொன்னார்.

அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்தில் ரூத் கோல்வின் என்ற அம்மா 1962இல் தன் வீட்டிலிருந்தே இப்படியொரு தன்னார்வ இயக்கத்தைத் தொடங்கி, 107 வயதுவரை வாழ்ந்து 2024இல் இறந்தார். அங்கே பல பொது நூலகங்களில் இன்றும் தன்னார்வலர்கள் வயதுவந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்கள். டாலஸுக்கோ நியூஜெர்சிக்கோ போகிறவர்கள், பக்கத்து நூலகத்தில் போய்க் கேட்டாலே வழி தெரியும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பிறமொழி ஊரில் போய்ப் பிழைப்பது தலைமுறை தலைமுறையாக வந்தது. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பெட்டியடிப் பையனாக (கடையில் தொழில் பழகும் சிறுவனாக) ரங்கூனுக்குப் போனவர். முகல் தெருக் கடையில் அடுத்தாள் (முதலாளின் கீழ் இருக்கும் உதவியாளர்) பர்மியரிடம் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டே பேசப் பழகினார். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கிகளிலும் பினாங்கிலும் மலாய் படித்தவர்களும் அப்படித்தான் படித்தார்கள். கூடவே மூத்தவர் ஒருவர் இருப்பார், தவறினால் எடுத்துக்கொடுப்பார். ஆனால் அந்தத் துணை ஆண்களுக்குத்தான் கிடைத்தது. பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். இப்போது பெண்களும் போகிறார்கள். அவர்களுக்கு எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டாமா? என் மனதில் எப்போதும் இருப்பது இந்தக் கேள்விதான்.

அதனால்தான் ஆத்தாவைப் பார்க்க வரும் மாதங்களில் இந்த வகுப்பு. சாயங்காலம் நாலைந்து பேர் வருவார்கள். இப்போது வருபவர்களில் ஒருவர் பள்ளத்தூர் ஆச்சி. மகளுக்குப் பேறுகாலம் பார்க்க மெல்பர்ன் போகிறார். கோட்டையூர்ப் பெண் ஒருத்தி, கல்யாணமாகி அடிலெய்டில் இருக்கும் கணவனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தவள். தேவகோட்டைத் தம்பி சிங்கப்பூரில் கிடங்கு வேலைக்குப் போகிறான். அவனுக்கு வேண்டியது எச்சரிக்கைப் பலகைகளும் ஷிப்ட் நேரங்களும், 'எனக்கு விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று மேஸ்திரியிடம் தயங்காமல் கேட்பதும்.

ஆச்சிக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. "இந்த வயசுல எனக்கு என்ன ஆத்தா வரும்? பேரப்பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டுக்குள்ள இருந்துட்டு வந்துடுவேன்" என்றார். நான் எழுத்துகளை எடுக்கவில்லை. "வெள்ளைப் பணியாரம் எப்படிச் சுடணும், எனக்குச் சொல்லுங்க ஆச்சி" என்றேன். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலே நிற்கிற அளவு உளுந்து. ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, நிறம் மாறாமல் திருப்பி எடுப்பது. தமிழில் கடகடவென்று சொன்னார். அப்புறம் கையால் செய்துகாட்டச் சொல்லி, ஒவ்வொரு செயலுக்கும் ஓர் ஆங்கிலச் சொல் கொடுத்தேன்: ஸோக், கிரைண்ட், போர், வெயிட், டர்ன். அடுத்த வாரம் அவரே சொன்னார், அவர் வாயிலிருந்து வந்தபடியே நான் பெரிய எழுத்தில் எழுதினேன். இலக்கணம் முன்னே பின்னே இருந்தது, நான் தொடவில்லை. "ரைஸ் ஃபுல். உளுந்து மேலே மவுண்டன்." அதுவே அவருடைய வாசிப்புப் பாடம். சொன்னது தானே என்பதால் எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டார். படிப்பவர் சொல்வதை எழுதி, அதையே பாடமாக்குவது வயதுவந்தோர் கல்வியில் நெடுநாள் பழக்கம். அது வேலை செய்வதற்குக் காரணம், அறிவு அவருடையது, நாம் மொழியை மட்டும் கொடுக்கிறோம். பணியாரத்தில் ஆச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் தெம்போடு ஆங்கிலத்துக்குள் வந்தவர், மாவு ரொம்பக் கெட்டி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் என்பதை ஒட்டி 'டூ ஹாட்', 'டூ ஃபாஸ்ட்', 'எ லிட்டில் மோர்' என்று பேசத் தொடங்கிவிட்டார்.

பார்வையாளர் விசாவில் போகிறவர்களுக்கு அரசாங்க வகுப்பு கிடையாது. ஆனால் நூலகங்களில் ஆங்கிலம் பேசிப் பழக வட்டமாகக் கூடி உட்காருவார்கள், யாரும் போகலாம். ஆச்சி போகிற பகுதியிலும் இருக்கிறதா என்று மகளை விசாரித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். மாதக்கணக்கில் ஒரு வீட்டுக்குள்ளேயே இருப்பது, வளவு நிறைய ஆட்களோடு வாழ்ந்தவர்களுக்கு உடம்பையும் மனசையும் வாட்டிவிடும். பூங்காவில் இன்னொரு பாட்டியோடு நாலு வார்த்தை பேசினால் அன்றைய பொழுது நல்லபடியாகப் போகும்.

எல்லாருக்கும் நான் கட்டாயமாகச் சொல்லிக்கொடுப்பது அவசர எண். ஆஸ்திரேலியாவில் மூன்று பூஜ்யம். எடுத்தவுடன் போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்று கேட்பார்கள். எது வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, வாக்கியம் வராவிட்டால் "தமிழ்" என்று மட்டும் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிடுவார்கள். மற்ற காரியங்களுக்கு 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. தொலைபேசி வழியாக 1973 முதல் நடக்கிறது. டாக்டரிடம் போகும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, தாயின் நோயை அதன் வாயால் சொல்லவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதற்கு வேண்டிய ஒரு வரியை ஆச்சி உட்பட எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

கோட்டையூர்ப் பெண்ணுக்கு இன்னொரு கவலை. பின்னால் குடியுரிமைத் தேர்வு எழுத வேண்டுமே என்று இப்போதே கேட்கிறாள். அதில் 20 கேள்விகள், 15 சரியாக இருக்க வேண்டும், நாட்டின் விழுமியங்கள் பற்றிய 5 கேள்விகளில் ஒன்றுகூடத் தவறக்கூடாது. அதற்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன, படித்துக்கொள்ளலாம். முதலில் தன் பெயரை, பிறந்த தேதியை, முகவரியை யாரிடமும் தடுமாறாமல் சொல்ல வரவேண்டும். பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பழக்குகிறேன்.

பிள்ளையார் நோன்பு முடிந்ததும் நான் மெல்பர்ன் திரும்புகிறேன். காரைக்குடியைச் சுற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பேராசிரியர்கள், வங்கியில் இருந்தவர்கள், என்னைப் போல வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. வாரத்தில் ஒரு மணி நேரமும், பதில் வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் இருந்தால் போதும். ஆத்தா பட்டாலையைத் திறந்துவைக்கச் சம்மதித்துவிட்டார், காபியும் தருவார். கோட்டையூர்ப் பெண்ணுக்கு இந்த வாரம் விசா வந்துவிட்டது, டாக்டரிடம் பேசும் பாடம் இன்னும் பாக்கி. தம்பிக்கு எண்கள் பாக்கி. யாராவது எடுத்துக்கொண்டால் என் நோட்டுகளை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்.