பண்ணைக்குட்டையில் இரண்டு ரேஸ் படகு: வேக்கைப் படித்த கதை

ரிமோட் படகைத் தனியாக ஓட்டினால் வேகம் மட்டும்தான் பழகும். இரண்டாவது படகு தண்ணீரில் இறங்கிய பிறகுதான் ரேஸ் என்றால் என்னவென்று தெரிகிறது. முன்னால் போகிற படகு விட்டுச் செல்லும் வேக்தான், அதாவது பின்னால் விரியும் நுரையும் அலையும்தான், அதில் பாதி விஷயம்.

நாங்கள் ஓட்டுவது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், பி.ஏ.பி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீரைத் தேக்கும் பண்ணைக்குட்டையில். பக்கத்துக்கு முப்பது மீட்டர் இருக்கும். கரை முழுக்க பிளாஸ்டிக் ஷீட். என்னுடையது இரண்டடி டீப்-வி (அடிப்பகுதி ஆழமான V வடிவம்), மாமா பையனுடையது கேட்டமரான் (இரண்டு மிதப்புகளை இணைத்த படகு). திரும்பும் இடத்துக்கு அடையாளமாக இரண்டு மிதவை கட்டி, ரிமோட் படகு ரேஸ்களில் வழக்கமாக ஓட்டுவதுபோல் கடிகாரச் சுற்றில், வலப்பக்கமாகவே திரும்பி ஓட்டுகிறோம்.

முதலில் பிடிபட்டது நுரை. முன்படகின் நேர் பின்னால் இருப்பது காற்று கலந்த தண்ணீர். அதில் புரொப்பெல்லருக்குப் பிடிமானம் கிடைக்காது. மோட்டார் சத்தம் சட்டென்று ஏறும், வேகம் ஏறாது. சுக்கானும் அந்த நுரைக்குள்தான் இருக்கும் என்பதால் திருப்பத்தில் படகு வெளிப்பக்கம் வழுக்கும். “மாப்ள, நுரைய விட்டு வெளிய வா!” என்று மாமா பையன் கத்துவது அதனால்தான். அரைப் படகு அகலம் தள்ளி ஓட்டினாலே போதும். நுரைக்கும் வேக்கின் முகட்டுக்கும் நடுவில் ஓரளவு அமைதியான ஒரு பட்டை கிடைக்கும். துரத்தும் படகுக்கு அதுதான் நல்ல இடம்.

அப்புறம் முகடு. ஆழமான நீரில் படகின் வேக் இருபுறமும் சுமார் 19.5 பாகையில் விரியும் என்று 1887-இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு கணக்கிட்டார். ரொம்ப வேகமாக மேலெழும்பி ஓடும் படகில் கண்ணுக்குத் தெரியும் விரிவு இன்னும் ஒடுங்கும். அதனால் முந்த வேண்டுமானால் அந்த முகட்டைத் தாண்டியே ஆக வேண்டும். ரொம்பச் சாய்வாக ஏறினால் ஒரு பக்கம் மட்டும் தூக்கி, படகு உருளப் பார்க்கும். கொஞ்சம் கோணம் கூட்டி, நேர்பாதையில், சட்டென்று வெட்டிக் கடப்பதே நல்லது. ஏறும் நொடியில் திராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை) கொஞ்சம் தளர்த்தி, இறங்கியதும் கொடுக்க வேண்டும். மொத்தமாக விட்டுவிட்டால் மூக்கு அடுத்த அலைக்குள் குத்தும்.

கேட்டமரானில் இது இன்னும் நுணுக்கம். இரண்டு மிதப்புகளுக்கும் நடுவே புகும் காற்றுதான் அதைத் தூக்கி வேகம் தருகிறது; வேக்கில் மூக்கு நிமிர்ந்துவிட்டால் அதே காற்று பின்பக்கமாகக் கவிழ்த்துவிடும். 2018 நவம்பரில் ஆந்திராவின் அமராவதியில் (நம்ம உடுமலை அணை இல்லை) கிருஷ்ணா ஆற்றில் நடந்த எஃப்1 படகுப் போட்டியில் ஓடியவையும் இந்த வகைதான். முதல் மிதவையை முதலில் சுற்றுபவருக்குக் கலங்காத தண்ணீர். மற்றவர்களுக்கு அவர் கலக்கிய தண்ணீர். பேட்டரியை முன்னால் நகர்த்தியதில் எங்கள் கேட்டமரான் கொஞ்சம் அடங்கியது. நேர்பாதை வேகம் சற்றுக் குறைந்தாலும் எனக்கு இதுவே சரி என்று படுகிறது.

திருப்பத்தில்தான் தந்திரம் அதிகம் வேலை செய்கிறது. முன்படகு வேகம் குறைத்ததும் அதன் பின்பகுதி அமுங்கி, முழு வேகத்தில் எழுப்பியதைவிடப் பெரிய அலையை எழுப்பும். வாலைப் பிடித்தபடியே உள்ளே போனால் அந்த அலை சாய்வாக வந்து மோதும். மிதவைக்கு முன்பே சிறிது இடைவெளி விட்டு, படகு நேரானதும் அந்த அலையைக் கடந்தால், வெளியே வரும்போது முழு திராட்டில் கொடுக்கலாம்.

கரையில் மோதித் திரும்பும் அலைதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அரை மீட்டர் நீள அலைக்கூட்டம் ஆழமான நீரில் நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். குட்டை நடுவில் கிளம்பியது கரைக்குப் போகவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஷீட்டில் மோதி, வலு அதிகம் குறையாமல் திரும்பும். அதற்குள் நாம் பல சுற்று முடித்திருப்போம். நாமே கிளப்பிய பழைய அலை எதிரே நிற்கும். 1967 ஜனவரி 4-இல் இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்ப்பெல் நீர்வேகச் சாதனைக்கு முயன்றபோது, முதல் ஓட்டத்தின் அலை அடங்கக் காத்திராமல் திரும்பி ஓட்டினார். அவருடைய படகு புளூபேர்ட் மூக்கைத் தூக்கிக் குட்டிக்கரணம் போட்டது, அவர் இறந்தார். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் அந்த அலையும் ஒன்று. அதனால் நாங்களும் இப்போது தண்ணீர் சமமாகும் வரை நின்றுவிட்டுத்தான் அடுத்த ஓட்டம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது தண்ணீர் அடங்கவே அடங்காது. அப்போது விடிகாலை மட்டும்தான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஷீட் பயங்கரமாக வழுக்கும். படகு கவிழ்ந்தால் இறங்காதீர்கள். தூண்டில் நூலில் டென்னிஸ் பந்தைக் கட்டி எறிந்து இழுத்துக்கொள்ளலாம்.

அடுத்ததாக, மிதவைகளை மூலைவிட்டமாகக் கட்டப் போகிறோம். கரையில் பட்டுத் திரும்பும் அலை நேர்பாதையின் பக்கவாட்டில் தாக்காமல் கோணமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். புல் கரை உள்ள குளம் ஒன்றில் அனுமதி கிடைத்தால், புல்லும் மண்ணும் அலையை எவ்வளவு வாங்கிக்கொள்கின்றன என்றும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.