பரிசல் தடை நாட்கள்

ஜூலை 12
கபினி அணையிலிருந்து உபரிநீர் வருவதால் ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை விதித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றது. கணவர் எதிர்பார்க்கும் ஓசூர் வேலைக்கும் பதில் இல்லை.

ஜூலை 13
பிள்ளைகள் முகம் தொங்கிக் கிடக்க, எனக்கு மட்டும் உள்ளூர நிம்மதி. மே மாதத்தில் ஏற்காடு போனபோது விடியுமுன் எழுந்து புளிசோறு கிளறியதும், கொண்டைஊசி வளைவுகளில் சின்னவன் வாந்தி எடுக்கத் துடைத்ததும், திரும்பியதும் அழுக்குத் துணியோடு மல்லுக்கட்டியதும் என் பங்கு. படம் எடுத்ததும் அலுவலக அழைப்புகளுக்குப் பதில் சொன்னதும் அவர் பங்கு. ஒரே மரத்தடியில் இருந்தும் இருவரும் வெவ்வேறு ஊருக்குப் போய் வந்தோம். தம்பதியரின் ஓய்வுநேரத்தைத் தனியாகக் கழிப்பது, அருகருகே இருந்தும் ஒட்டாமல் கழிப்பது, சேர்ந்து கழிப்பது என்று குடும்ப ஆய்வாளர் ஆர்த்னர் 1975-இல் பிரித்தார். எங்கள் ஏற்காடு இரண்டாம் வகை.

ஜூலை 15
காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து இன்னும் கூடியிருக்கிறது. ஓசூர் மௌனம்.

ஜூலை 17
மாலையில் திடீரென்று கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போகலாம் என்றார் அவர். கட்டுச்சோறு இல்லை, மாற்றுத் துணி இல்லை. வறுத்த மீனில் முள்ளெடுத்துச் சின்னவனுக்கு அவரே ஊட்டினார். பெரியவள் பூங்காவில் ஓடினாள். அப்போதுதான், ஓசூர் வேலை கிடைத்தால் குடும்பத்தோடு போய்விடலாமா என்று என்னைக் கேட்டார். இத்தனை வாரமும் வீட்டில் கேட்க முடியாத கேள்வி அது. எங்கள் கூடத்தில் எதைப் பேசினாலும் அத்தையின் காதுக்கும் சேர்த்தே பேச வேண்டும். மாமியார், மாமனாரோடு வாழ்பவர்களுக்கு வெளியிடம் என்பது காற்று வாங்க மட்டுமன்று, கணவனும் மனைவியும் தணிந்த குரலில் பேசிக்கொள்ளக் கிடைக்கும் ஒரே அறையும் அதுதான்.

ஜூலை 18
குடும்பப் பொழுதுபோக்கை ஆய்ந்த ஸப்ரிஸ்கியும் மெக்கார்மிக்கும் 2001-இல் எழுதியதன்படி, வீட்டருகே அடிக்கடி நிகழும் எளிய பொழுதுபோக்கு நெருக்கத்தையும், எப்போதாவது போகும் புதிய பயணம் மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கும் திறனையும் குடும்பத்துக்குத் தருகின்றன. அப்படியானால் அணையும் வேண்டும், ஒகேனக்கல்லும் வேண்டும். 2006-இல் ஜான்சனும் உடன் ஆய்வாளர்களும் கண்டது எனக்கு இன்னும் பிடித்தது: மணவாழ்வின் நிறைவோடு தொடர்புள்ளது சேர்ந்து கழித்த நேரத்தின் அளவன்று, அந்த நேரத்தில் கிடைத்த மனநிறைவு. ஆயினும் ஒரு சந்தேகம். மனம் ஒத்தவர்கள்தாம் வெளியே மகிழ்கிறார்களா, வெளியே மகிழ்வதால் மனம் ஒக்கிறதா? ஒருமுறை வினாத்தாள் கொடுத்து வாங்கும் ஆய்வால் இதைப் பிரித்தறிய இயலாது. எங்கள் வீட்டிலோ, அணைக்குப் போகுமுன் காலையில் மின்கட்டணத்துக்காகச் சண்டை போட்டிருந்தோம்.

ஜூலை 19
பதில் இல்லை. அவரும் பேசவில்லை. நானும்.

ஜூலை 22
பரிசல் தடை நீங்கியது. அவர் காருக்குச் சொல்லிவிட்டார். சமைக்க வேண்டாம், பென்னாகரத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அத்தை தாமும் வருவதாகச் சொல்லி மாற்றுப் புடவையை எடுத்து வைத்துவிட்டார். முன்னிருக்கையில் யார் என்பதே இப்போது வீட்டில் நடக்கும் பேச்சு.