முதலாளி கடைசியாகப் பேசும் கூட்டம்

சிறிய நிறுவனத்தில் கூட்டம் கூட்டுவது மிக எளிது. அறிவிப்பு அனுப்ப வேண்டியதில்லை, அறை ஒதுக்க வேண்டியதில்லை; "எல்லாரும் கொஞ்சம் வாங்க" என்று முதலாளி குரல் கொடுத்தால், கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு அனைவரும் வந்து நிற்பார்கள். தொல்லை அந்த எளிமையில்தான் இருக்கிறது. எட்டுப் பேரை ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் ஓர் ஆளின் முழு நாள் உழைப்பு போய்விடுகிறது. நான் நடத்தும் அச்சகம் போன்ற இடத்தில் அந்த ஒரு மணி நேரம் இயந்திரமும் சேர்ந்தே நிற்கிறது. பெரிய நிறுவனமானால் இந்தக் கணக்கைக் கேட்க மேலே யாராவது இருப்பார்கள். இங்கே கூட்டத்தைக் கூட்டுபவரும், அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பவரும், அதில் அதிகம் பேச ஆசைப்படுபவரும் ஒருவரே என்பதால் கேட்பதற்கு ஆளில்லை.

சிறு தொழிலில் பெரும்பாலான முடிவுகளை உரிமையாளர் தனியாகவே எடுத்துவிட முடியும், தடுப்பார் எவருமில்லை. அப்படியிருக்க, ஊழியர்களை அழைத்து உட்காரவைப்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நியாயம்தான் உண்டு. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்காமல் நான் எடுக்கும் முடிவு கோணலாகிவிடும். எனக்குத் தெரிந்ததை அவர்களுக்குச் சொல்வதற்குக் கூட்டம் தேவையே இல்லை. விடுமுறை நாள், புதிய விலைப்பட்டியல், வேலை நேர மாற்றம் போன்றவை வாட்ஸ்அப் குழுவிலோ அறிவிப்புப் பலகையிலோ இரண்டு வரியில் முடிந்துவிடுகின்றன.

இதை ஒப்புக்கொண்ட பிறகு நிகழ்ச்சி நிரலின் தோற்றமே மாறிவிட்டது. "டெலிவரி தாமதம்" என்று தலைப்பு மட்டும் எழுதி வைத்தால், ஆளாளுக்குப் பழைய குறைகளைச் சொல்லிக் கலைந்துபோவார்கள். "ப்ரூஃபில் வாடிக்கையாளரின் கையெழுத்து வராத வேலைக்குப் பிளேட் போடலாமா, கூடாதா?" (ப்ரூஃப் என்பது வாடிக்கையாளர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய மாதிரி அச்சு, பிளேட் என்பது அச்சிடுவதற்கான தகடு) என்று கேள்வியாக எழுதினால், அதற்கு ஆம் அல்லது இல்லை என்ற விடை கிடைக்காமல் எழுந்து போக முடியாது. யார் வர வேண்டும் என்பதையும் அந்தக் கேள்வியே சொல்லிவிடும்: விடையால் யாருடைய வேலை மாறுமோ அவர்களும், விடைக்கு வேண்டிய விவரம் யாரிடம் இருக்கிறதோ அவர்களும் வந்தால் போதும். கேள்வி கிடைக்காத வாரத்தில் கூட்டம் கிடையாது.

இனிதான் கடினமான பகுதி. முதலாளி முதலில் வாயைத் திறந்தால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும். "நாம இதைச் செய்துடலாம்னு நினைக்கிறேன், என்ன சொல்றீங்க?" என்று கேட்பது பணிவாக ஒலித்தாலும், சம்பளம் வாங்குபவரின் காதில் அது உத்தரவாகவே விழுகிறது. முதலாளி இல்லாத குழுவில்கூட ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் தானாக வெளியே வருவதில்லை. அமெரிக்க உளவியலாளர்களான கரோல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் 1985-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர் தலைவர் பதவிக்கான கற்பனை வேட்பாளர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்குமாறு குழுக்களிடம் சொன்னார்கள். சில விவரங்களை எல்லோருக்கும், சிலவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மிகத் தகுதியானவர் யார் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும். ஆனால் குழுக்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்ததைப் பற்றியே பெரும்பாலும் பேசி, வேறொருவரைத் தேர்ந்தெடுத்தன.

இது என் அச்சகத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பளபளப்புத் தாளில் நான்கு வண்ணத்தில் அச்சாக வேண்டிய ஒரு கேட்டலாக்கை, வழக்கத்தைவிட இரண்டு நாள் முன்னதாகக் கொடுக்க முடியுமா என்பதுதான் அன்றைய கேள்வி. வாடிக்கையாளர் நல்லவர், ஆர்டர் பெரியது என்றார் விற்பனையைக் கவனிப்பவர். வடிவமைப்பு தயார் என்றார் ஒருவர். இரவு ஷிஃப்ட் போட்டால் ஓட்டிவிடலாம் என்றார் இயந்திரம் ஓட்டுபவர். பேச்சு முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. எப்போதும் பின்னால் நிற்கும் பைண்டிங்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்டபோது அவர் தயங்கியபடியே சொன்னார்: "அச்சு ராத்திரியே முடிஞ்சிடும் சார். ஆனா மை காயாம நான் மடிக்கப் போட்டா எதிர்ப் பக்கத்துல ஒட்டிக்கும். கறுப்பு அதிகமா இருக்கிற ஃபாரத்தை முதல்ல ஓட்டிட்டு, வெளிர் ஃபாரத்தைக் கடைசியா ஓட்டினா ஒரு நாளை மிச்சம் பண்ணலாம்."

ஃபாரம் என்பது பல பக்கங்கள் சேர்ந்து அச்சாகி, பிறகு மடிக்கப்படும் பெரிய தாள். சாதாரணத் தாள் மையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பூச்சுள்ள தாளில் மை பெரும்பாலும் மேலேயே தங்கி, காற்றுபட்டு இறுகப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மை கனமாக விழும் ஃபாரங்களுக்குக் காய்வதற்கான நேரம் மிகுதியாகக் கிடைக்கும்படி வரிசையை மாற்றுவதுதான் அவர் சொன்ன வழி. வாடிக்கையாளருக்கு இரண்டு நாள் அல்ல, ஒரு நாள் முன்னதாகத் தருவதாகச் சொன்னோம், அவரும் ஒப்புக்கொண்டார். பைண்டிங்காரருக்கு இது அன்று புதிதாகத் தோன்றிய யோசனை அல்ல. பேச்சு தன் மேசைவரை வருவதற்குள் ஒவ்வொரு முறையும் முடிவு எடுக்கப்பட்டுவிட்டதால், அதைச் சொல்ல அவருக்கு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இப்போது வேலை கடைசியாக எந்தக் கையில் போய் நிற்கிறதோ அவரே முதலில் பேசுகிறார். அங்கிருந்து பின்னோக்கி வந்து, விற்பனைக்குப் பிறகு என் முறை வருகிறது. பேசத் தயங்குபவர்கள் இருப்பதால், சிக்கலான கேள்வியானால் பேச்சு தொடங்கும் முன் அவரவர் கருத்தைத் துண்டுத் தாளில் எழுதச் சொல்கிறேன். இதில் சங்கடம் இல்லாமல் இல்லை. என் முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு இன்றும் பெரும்பாடு. முகபாவத்திலேயே கருத்தைச் சொல்லிவிடும் வழக்கம் இருப்பதால், குறிப்பேட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறேன்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் சி. நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இல் கிண்டலாக எழுதியது பலருக்குத் தெரிந்திருக்கும்: அணு உலைத் திட்டத்தை நிமிடங்களில் ஒப்புக்கொள்ளும் குழு, சைக்கிள் கொட்டகைக்காக நெடுநேரம் வாதாடும், ஏனென்றால் கொட்டகை எல்லோருக்கும் புரியும். இது உண்மைதான் என்றாலும், முதலாளிகள் இதை மிக வசதியாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். நமக்கு அற்பமாகத் தெரிவதெல்லாம் அற்பமல்ல. கட்டிங் இயந்திரத்துக்கு மேலிருந்த விளக்கைப் பற்றிய பேச்சு நீண்டபோது, கத்தி இறங்கும் கோட்டின்மேல் அதன் நிழல் விழுகிறது என்பது தெரியவந்தது. பேச்சு நீள்கிறது என்று அதை வெட்டியிருந்தால் அந்தச் செய்தி வந்திருக்காது. நேரக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் எதை வெட்டுவது என்பதைக் கடிகாரத்திடம் மட்டும் விட்டுவிட முடியாது.

காலையில் நின்றபடியே நடக்கும் சிறு சந்திப்பு வேறு வகை. மென்பொருள் குழுக்கள் அதற்கு 15 நிமிட வரம்பு வைத்திருக்கின்றன. எங்களுக்கு அதைவிடக் குறைவே போதும். இன்று எந்த இயந்திரத்தில் எந்த வேலை, எது தடையாக நிற்கிறது என்பதோடு அது முடிந்துவிடும். அங்கே விவாதம் எழுந்தால், தொடர்புள்ள இருவர் மட்டும் தனியே பேசிக்கொள்வார்கள்.

முடிவை எழுதிவைப்பதில் நான் கறாராக இருக்கிறேன். நீண்ட குறிப்பு வேண்டாம். என்ன முடிவு, யார் செய்வார், என்றைக்குள் என்ற மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும், அதைச் செய்யப் போகிறவரே தன் கையால் எழுத வேண்டும். பிறர் எழுதிய தேதியைவிடத் தானே எழுதிய தேதிக்கு மனிதர் அதிகம் மதிப்புக் கொடுக்கிறார். அடுத்த கூட்டம் அந்த வரிகளைப் படிப்பதிலிருந்தே தொடங்கும். எனக்கென்று ஒதுக்கப்பட்ட வரிகளும் அதே குரலில் படிக்கப்படும். ஒருவருடைய தவறு, ஒருவருடைய சம்பளம் இரண்டும் கூட்டத்துக்கு வருவதில்லை. அவை கதவைச் சாத்திக்கொண்டு இருவர் பேச வேண்டியவை.

தீராமல் இருப்பது ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அனைவரும் கூடி, வரவுசெலவின் நிலையைக் கேட்க வேண்டும் என்று இயந்திரப் பிரிவினர் விரும்புகிறார்கள். முடிவெடுக்க எதுவுமில்லாத கூட்டம் என்பதால் என் வரையறைக்குள் அது வராது. பலகையில் எழுதிப் போட்டால் போதும் என்கிறார் கணக்காளர். பலகையில் இருக்கும் எண்ணிடம் கேள்வி கேட்க முடியாதே என்கிறார்கள் அவர்கள். அடுத்த காலாண்டில் ஒருமுறை நடத்திப் பார்ப்பதென்று குறிப்பேட்டில் என் கையால் எழுதியிருக்கிறேன், தேதியோடு.