பில் போட்ட பணமும் கைக்கு வந்த பணமும்

மார்ச் 3

என்னிடம் வழக்கமாக அட்டைப்பெட்டி எடுக்கும் ஒருவர் ஆர்டரைக் கால் பங்கு கூட்டுகிறேன், விலையில் பத்து சதவீதம் குறையுங்கள் என்றார். அவர் போனதும் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அடக்க விலை 80, விற்பது 100, நிற்பது 20. அதையே 90க்குக் கொடுத்தால் நிற்பது 10தான். விலையில் பத்து சதவீதம் விட்டால் லாபத்தில் பாதி போய்விடுகிறது! பழைய லாபத்தைப் பிடிக்கவே சரக்கு இரண்டு மடங்கு போக வேண்டும், கால் பங்கு எந்த மூலைக்கு? விலையில் கை வைக்காமல், வாரத்துக்கு இரண்டு தடவை டெலிவரி தருகிறேன் என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

மார்ச் 6

ஒத்துக்கொண்டார். அவருக்கும் சரக்கை அடுக்கி வைக்க இடம் இல்லையாம்.

மார்ச் 11

தொழில் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வசூல் எத்தனை நாளில் வரும் என்பதைத்தான். லாபத்தில் ஓடுகிற தொழில்கூட பணமில்லாமல் நின்றுபோகும். மாதம் 80,000க்குக் கொள்முதல் செய்து 1,00,000க்கு விற்கிறோம் என்று வையுங்கள். கொள்முதலுக்கு 30 நாளில் பணம் கட்ட வேண்டும், வாடிக்கையாளர் தருவது 60 நாளில். நடுவில் உள்ள அந்த 30 நாளுக்கு ஒரு மாதக் கொள்முதல் தொகை, அதாவது 80,000, நம் கையிலிருந்து வெளியே நிற்கிறது. விற்பனை இரட்டிப்பானால் 1,60,000 நிற்கும். கூடுதலாகத் தேவைப்படும் அந்த 80,000, பழைய கணக்கில் நான்கு மாத லாபம். ஆர்டர் குவிகிறது என்று ஊரே பாராட்டும்போது சம்பளத்துக்குக் கடன் வாங்க அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, இந்தக் கணக்கை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா? முன்பணம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

மார்ச் 14

1772இல் இங்கிலாந்தில் கடன் நெருக்கடி வந்தபோது, பீங்கான் செய்து விற்ற ஜோசையா வெட்ஜ்வுட் தன் கணக்குப் புத்தகங்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பொருளின் அடக்கத்தையும் பிரித்துப் பார்த்தார். பீங்கான் வார்க்கும் அச்சு, வாடகை போன்ற செலவுகள், நிறையச் செய்தாலும் கொஞ்சம் செய்தாலும் ஏறக்குறைய அதேதான் என்று அப்போது அவருக்குப் புலப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் தலைமைக் கணக்கர் கையாடல் செய்ததும் வெளிவந்தது. கணக்கை மாதாமாதம் முதலாளியே பார்க்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

மார்ச் 19

வேலையை விட்டுத் தொழில் தொடங்கும் ஒரு தம்பி, "அண்ணே, நண்பனுக்கு எவ்வளவு பங்கு கொடுக்கலாம்?" என்று கேட்டான். சம்பளம் உழைக்கிற வரைக்கும்தான், சொத்து சேர்வது பங்கில்தான், அதனால் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதே என்றேன். சாரா பிளேக்லி 5,000 டாலர் சேமிப்பில் ஸ்பேங்க்ஸ் என்ற பெண்கள் உள்ளாடை நிறுவனத்தைத் தொடங்கி, வெளி முதலீடு வாங்காமலே வளர்த்தார். 2021இல் பெரும்பான்மைப் பங்கை விற்றபோது நிறுவனத்தின் மதிப்பு 120 கோடி டாலர். ஆப்பிளில் பத்து சதவீதம் வைத்திருந்த ரொனால்ட் வேய்ன், 1976 ஏப்ரலில் தொடங்கிய பன்னிரண்டாம் நாளே விலகி 800 டாலர் வாங்கிக்கொண்டார். அவரை எல்லோரும் கேலி செய்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. அது கூட்டுத் தொழில், கடன் வந்தால் சொந்தச் சொத்துக்கே ஆபத்து, அங்கே சொத்து என்று ஏதாவது இருந்தது அவரிடம்தான். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அதனால் தம்பியிடம், தொழிலின் கடன் வீடு வரை வராதபடி வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனமாகப் பதிவு செய், நண்பனின் பங்கை வருடா வருடம் வேலை செய்யச் செய்யச் சேரும்படி எழுது என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 28

எனக்கு நானே மாதச் சம்பளம் எழுதிக்கொள்கிறேன். அதைக் கழித்த பிறகும் மிஞ்சினால்தான் லாபம். என் வேலைக்கு வேறு ஆள் வைத்தால் மிச்சமே இருக்காது என்றால், அது நான் பார்க்கும் வேலை, அவ்வளவுதான், யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள்.

அதனால் என் வேலைகளை ஒவ்வொன்றாக மற்றவர்களிடம் விடுகிறேன், இப்போதைக்கு விலை சொல்வது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. எந்தப் பெட்டிக்கு என்ன அடக்கம், எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது, யாருக்கு எத்தனை நாள் கடன் என்று இரண்டு பக்கம் எழுதி மேலாளரிடம் கொடுத்திருக்கிறேன். திங்கள் முதல் விலையை அவரே சொல்வார், நான் மாலையில் பில்களை மட்டும் பார்ப்பேன்.